வற்றாத பந்தி

(சித்தூரில் சங்க அங்கத்தினர்களிடையே ஆற்றிய உரை)



"நாளைக்குப் போதுமா?" என்ற கவலை நம் எல்லோர் வீட்டிலும் குடியிருக்கிறது. பென்ஷன் போதுமா, பாங்க் வட்டி குறைந்தால் என்ன செய்வது, வைத்தியச் செலவு வந்தால் யார் பார்ப்பார்கள்? நியாயமான கவலைகள்தான். ஆனால் கவலை முற்றிப் பயமாகிவிட்டால் கொடுக்கிற கை தானாக மூடிக்கொள்கிறது. பகவானிடம் நமக்குள்ள நம்பிக்கை அந்த இடத்தில்தான் தெரியவரும்.

உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பழைய சித்தூர் ஜில்லாவில் வாயல்பாடு பக்கம் தரிகொண்டா என்றொரு கிராமம். அங்கே 1730-ல் பிறந்தவர் வெங்கமாம்பா. பால்ய விதவை. ஊராரின் ஏச்சைத் தாங்கி, திருமலைக்கு வந்து, 1817-ல் பகவான் திருவடி சேரும்வரை பாடல்கள் இயற்றுவதும் மலையேறி வந்த யாத்ரீகர்களுக்கு அன்னமிடுவதுமாக வாழ்ந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். துணையில்லாத ஒரு ஸ்த்ரீ, வந்தவர்க்கெல்லாம் இலை போட்டிருக்கிறார்!

1985 ஏப்ரல் 6-ந் தேதி, என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது, திருமலை திருப்பதி தேவஸ்தானம் நித்ய அன்னதானத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் தினமும் சுமார் 2,000 பேர் சாப்பிட்டார்கள். 2011 ஜூலையில் வெங்கமாம்பாவின் பெயரிலேயே பெரிய அன்னப்பிரசாதக் கட்டடம் திறக்கப்பட்டது. நான்கு ஹால்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பந்தியில் ஆயிரம் பேர் உட்காரலாம். இன்று தினமும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஊர், பெயர், குலம் கேட்பதில்லை.

இதில் என்னைப்போல் சர்க்கார் கணக்கில் பழகியவனுக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பக்தர்கள் தரும் நன்கொடையை பாங்க்குகளில் டெபாசிட் செய்து, வரும் வட்டியிலிருந்து அன்னதானச் செலவைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். பெருமாள் கொடுப்பார் என்று நம்பினார்கள், கணக்கையும் எழுதினார்கள். ஆகவே நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்வதல்ல.

ஸயன்ஸ் படித்தவன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். பூமியில் எதுவும் அளவில்லாதது அல்ல. கோகர்பம், பாபவிநாசம் அணைகளில் மழைநீர் சேர்ந்தால்தான் திருமலையில் தண்ணீர். பகவானின் கொடை நிறைவானது என்று நம்புகிறவன் அதை வீணாக்க மாட்டான். இலையில் ஒரு பருக்கையைக்கூட விடமாட்டான்.

தைத்திரீய உபநிஷத்தின் ப்ருகுவல்லி இதையே விரதமாக விதிக்கிறது. அன்னத்தைப் பழிக்கக் கூடாது, ஒதுக்கித் தள்ளக் கூடாது, அதைப் பெருக்க வேண்டும், வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. உழைப்பு, சிக்கனம், ஈகை மூன்றும் இதில் அடங்கிவிட்டன. பயத்துக்கு மட்டும் இடமில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? நம் பிற்காலத்துக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வையுங்கள், அதில் தவறில்லை. அதற்கு மேல் இருப்பதில் ஒரு சிறு பங்கை ஓர் ஏழைப் பிள்ளையின் காலேஜ் பீஸுக்கோ, தனியாக இருக்கும் ஒரு வயோதிகரின் மருந்துக்கோ மாதாமாதம் ஒதுக்குங்கள். சிரார்த்தம், சமாராதனை முடிந்தபின் வாசலில் நிற்பவருக்கும் ஓர் இலை போடுங்கள். கொடுத்தபின்னும் நம் வீட்டில் அடுப்பு எரிவதை நாமே பார்ப்போம். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பயம் விலகும்.

ஸ்ரீநிவாஸன் எல்லோருக்கும் அந்த மனத்தை அருள்வானாக.