குளிப்பறை நீர் வீதிக்கு வேண்டா
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரம்பலூரிலும் அரியலூரிலும் நீரின் அருமையை எடுத்துரைக்க வெளியூரார் வரவேண்டியதில்லை. ஆழ்குழாய்க் கிணறு வற்றிய கோடைகளை நீங்களே கண்டிருக்கிறீர்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை இலக்காகக் கொண்டது. ஐவர் வாழும் வீட்டிற்கு 275 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆவது அதில் சிறு பங்கே; மற்றது பெரும்பாலும் குளிக்கவும் துவைக்கவும் செலவாகிறது. பின்னர் அந்நீர் எங்கே போகிறது? வீதிக்கு. அங்கே தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. அண்டை வீட்டாரிடையே வழக்கையும் வளர்க்கிறது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. சாக்கடையினூடே செல்லும் குடிநீர்க் குழாயில் வெடிப்பிருந்தால், நீர் நிறுத்தப்பட்ட வேளையில் அவ்வழுக்கு உட்புகுந்து, மறுநாள் நம் குடத்திற்கே வந்து சேரும்.

உறிஞ்சு குழி வெட்டினால் தீர்ந்தது என்பாருண்டு. நான் அதை முழுதும் ஒப்பவில்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விளையும் செம்மண்ணில் குழி நன்கு உறிஞ்சும். வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்துப் பருத்திக் கரிசலோ நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், குழி குட்டையாகிவிடும். ஐயமிருந்தால் ஓரடி ஆழத்தில் சிறு குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்பிப் பாருங்கள். காலையிலும் நீர் நின்றால் அவ்விடம் ஆகாது.

அத்தகைய ஊர்களில் நீரைப் புதைப்பதினும் செடிக்கு ஊட்டுவதே தக்கது. குளிப்பறை வாயிலில் ஒரு சல்லடை; அடுத்து மணலும் சரளையும் இட்ட ஒரு தொட்டி; அப்பால் வாழை, தென்னை, கல்வாழை. பாத்தி இரண்டாக இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்றுக்குப் பாய்ச்சலாம். கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்க்கும் இந்நீர் கூடாது. சலவைத் தூளிலுள்ள சோடிய உப்பு கரிசலை இறுகச் செய்யும். ஆதலின் துவைத்த முதல் நீரைத் தென்னைக்கும், அலசிய நீரை வாழைக்கும் விடுங்கள். நீரை ஒரு நாளுக்குமேல் தேக்கி வைத்தால் நாறும்.

அலசிய நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் ஊற்றலாம். சரிவான கிராமக் கழிப்பறைக் கோப்பைக்கு 2 லிட்டரே போதும். ஆனால் குளிப்பறைக் குழாயை இரட்டைக் குழிக் கழிப்பறையின் குழியில் இணைத்துவிடாதீர்கள். குழி விரைவில் நிரம்பிவிடும். மலம் மக்கி எருவாகவும் செய்யாது.

கொல்லையே இல்லாத, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு என்ன வழி? அங்கேதான் ஊராட்சி முன்வர வேண்டும். சிமெண்டுச் சாக்கடை கட்டி ஏரியில் விடுவதைப் பலர் வேலை முடிந்ததாகக் கொள்கின்றனர். அரியலூரில் சிமெண்டு விளைகிறது என்பதற்காக எல்லாவற்றிற்கும் சிமெண்டுதானா? அந்த ஏரியில் நம் மாடுகள் குடிக்கின்றன. பத்து வீட்டு நீரை மூடிய குழாயில் ஒரு பொதுத் தோப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். சல்லடைக் குப்பையை வாரந்தோறும் அள்ளுவது யார் என்பதையும் வேலை தொடங்குமுன்னரே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.