துள்ளுமேடை வாங்கலாமா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஏறுவோர் பெரும்பாலும் பெரிய பொருள்களையே எடுத்துப் பேசுவர். நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு விளையாட்டுச் சாமான். சிரிக்க வேண்டாம், அதன் பொருட்டு எமது வீட்டில் மூன்று கிழமையாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராத நிலை உண்டாயிற்று.

ரொறன்ரோவில் வாழும் எமது மகன், தன் வளவில் நிற்கும் துள்ளுமேடையிற் பிள்ளைகள் குதிப்பதைத் தொலைபேசியிற் காட்டினான். எமது ஐந்து வயதுப் பேத்தி அதனைக் கண்டுவிட்டாள். அன்று தொடங்கியது. "ஐயா, காசைப் பற்றி யோசியாதேயுங்கோ, நான் அனுப்பிறன்" என்றான் மகன். காசு எமக்குப் பிரச்சினையாயிருக்கவில்லை.

திராம்போலின் என்னும் இப்பொருள் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த யோர்ச் நிசென் என்னும் வாலிபர், சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுவோர் ஈற்றில் வலையில் வீழ்ந்து மேலெழும்புவதைக் கண்டார். அவ்வெழுச்சி ஓயாது தொடர்ந்தால் எப்படியிருக்கும் என எண்ணி, லாரி கிரிஸ்வோல்ட் என்பாருடன் சேர்ந்து 1930களின் நடுப்பகுதியில் இதனைச் செய்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானிகளைப் பயிற்றவும் இது பயன்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவும் ஏறிவிட்டது. ஆகவே அன்னிய மோகம் என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிட எமக்கு மனமில்லை. துள்ளுதல் பிள்ளையின் சுபாவம். பூவரசங் கிளையிலிருந்து மணலிற் குதித்து, முழங்கால் தேய்ந்து, வீட்டில் அடியும் வாங்கியவர்கள் இச்சபையிற் பலர் இருக்கின்றார்கள். நாமும் அவருள் ஒருவர்.

ஆயினும் விசாரித்தோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வீடுகளில் இதனை வைத்திருப்பதை விரும்பவில்லை. 2012இல் அக்கழகம் வெளியிட்ட அறிக்கையிற் கண்டவை எம்மை நிறுத்தி வைத்தன. காயங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 75, ஒரே வேளையிற் பலர் குதிக்கும்போது நேர்பவை. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் அடைந்த காயங்களில் நூற்றுக்கு 48 என்பு முறிவோ மூட்டு விலகலோ ஆகும். பெரியவர் ஒருவர் பார்த்து நிற்கவே நேர்ந்தவையும் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை உண்டாம்! சுற்றிவரக் கட்டும் வலையும் நாம் நம்புமளவிற்குக் காப்பதில்லை.

ஏன் பலர் குதித்தல் ஆகாது? பாரமான பிள்ளை மிதித்துத் தாழ்த்திய விரிப்பு வேகமாய் மேலெழும் கணத்தில், சிறு பிள்ளை கீழிறங்கி வருகின்றது. அப்பொழுது அதன் காலுக்கு அது மெத்தையன்று; எதிர்த்து வரும் கட்டாந் தரை. முழங்காலுக்குக் கீழ் என்பு வெடிப்பது இப்படித்தான்.

ஆகவே ஒருவர் பின் ஒருவராகக் குதிக்க வேண்டும் என்பது முதல் விதி. கனடாவில் உயர்ந்த வேலி அடைத்த வளவில் இவ்விதி ஒருவேளை நடக்கும். எழுவைதீவில் நடக்குமா? எமது வளவிற்குள் பின்னேரம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதை நாமே எண்ணி அறியோம். ஒன்று குதிக்க எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்குமா? அல்லது படலையைச் சாத்தி, "இது எங்கடை பிள்ளைக்கு மட்டும்" என்று சொல்வதா? அச்சொல்லை எமது வாயாற் சொல்ல இயலவில்லை. மெய்யாகவே எம்மைத் தடுத்தது இதுதான். என்பு முறிவு இரண்டாவது.

அதுவும் சிறிதன்று. நகரத்தில் கை முறிந்தால் முச்சக்கரவண்டி பிடிக்கலாம். இங்கே படகு பிடித்து ஊர்காவற்றுறை சென்று, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சோளகம் மூசும் நாளில் அழும் பிள்ளையை மடியில் வைத்துக் கடல் கடந்த தாயைக் கேட்டுப் பாருங்கள். அதே காற்று பாரமற்ற துள்ளுமேடையைத் தூக்கி அயல் வளவில் எறியவும் கூடும். உப்புக் காற்றில் அதன் சுருள்வில்லுகள் துருவேறும். வெயிலில் விரிப்பு உக்கும். சைக்கிள் சங்கிலி இங்கே எத்தனை நாளைக்கு நிற்கின்றது என்பதை அறியாதவர் யார்?

எமது மகள் மட்டும் ஒன்று சொன்னாள்: "அப்பா, பயந்து பயந்து பிள்ளையைப் பொத்தி வைச்சா, அவள் தொலைபேசியோடைதான் இருப்பாள்." அதற்கு எம்மிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை, இன்றும் முழுதாக இல்லை.

முடிவில் வாங்கவில்லை. ஆறு வயது நிறைந்த பின் மறுபடி பேசுவோம் என்றோம். மகன் அனுப்பிய காசிற் சிறு பகுதிக்கு நல்ல கயிறு வாங்கி வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டினோம். கீழே மணல் கொட்டினோம். ஊஞ்சலிலும் விழலாம், அறிவோம். ஆனால் முறை வைத்து ஆட எமது பிள்ளைகளுக்கு அதிற் பழக்கமுண்டு.

சங்கத்து வாலிபர் சிலர், மிகுதிக் காசைத் தந்தால் விளையாட்டிடத்தில் பொதுவாய் ஒன்று வைக்கலாமே என்று கேட்டனர். வைக்கலாம். தினமும் பின்னேரம் ஒருவர் தவறாது நின்று ஒவ்வொருவராய் ஏற்ற வேண்டும், சிறுவரை மறிக்க வேண்டும், வாடைக்கு முன் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். அதற்குரிய பெயர்ப் பட்டியலைக் கொண்டு வாருங்கள்; காசு எமது பெட்டியில் இருக்கின்றது.

பேத்தி ஊஞ்சலில் ஆடுகின்றாள். எம்மோடு மட்டும் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை.