தொன்மையும் விருந்தும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூலுக்குரிய வனப்புக்கள் எட்டு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் தொன்மையும் ஒன்று, விருந்தும் ஒன்று. விருந்து என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. வீட்டுக்குப் புதிதாய் வந்தவரையும் அதனாலேயே விருந்து என்று அழைத்தனர் நம் முன்னோர். தொன்மையைக் காணப் புதியவர் வருவதைத்தான் இன்று மரபுரிமைச் சுற்றுலா என்கிறோம். அவர்களை வரவேற்க வேண்டியவர் அரசா, வணிகரா, அவ்விடத்தில் வாழும் குடும்பத்தவரா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் யப்பானின் மலைப்பகுதியிலுள்ள ஒரு கிராமத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

ஷிரகவா-கோ என்னும் பகுதியிலுள்ள அக்கிராமத்தின் பெயர் ஒகிமாச்சி. மாரியிலே அங்கு பனி மலையாய்க் குவியும். அப்பாரத்தைத் தாங்குவதற்காகக் கூரைகளை மிகச் செங்குத்தாக அமைத்துப் புல்லால் வேய்ந்தனர். கும்பிடக் கூப்பிய இரு கைகளைப் போன்ற தோற்றத்தால் அவ்வீடுகளுக்குக் 'கஷ்ஷோ' வீடுகள் என்று பெயர். கூரை மரங்களை ஆணி அறையாது கயிற்றாலும் வளையும் கொம்புகளாலும் பிணைத்தனர். மேல்மாடங்களிலே பட்டுப்புழு வளர்த்தனர். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியமா அது? ஊரே திரண்டு ஏறும். இன்று உன் கூரை, நாளை என் கூரை என்ற இம்முறைக்கு 'யுயி' என்று பெயர். நம்மவர் அயலாரோடு கூடிக் கிடுகு வேய்ந்த காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இது புதிதாய்த் தோன்றாது.

காலம் மாறியது. பட்டுத் தொழில் நலிந்தது. 1961இல் மிபோரோ அணை கட்டி முடிந்தபோது அயற்கிராமங்கள் சில நீரில் மூழ்கின. பழைய வீடுகள் விலைபோயின. அந்நிலையில், 1971இல், ஒகிமாச்சி மக்கள் ஒரு சங்கமாய்க் கூடி மூன்று உறுதிகளை மேற்கொண்டனர். வீட்டை விற்கோம், வாடகைக்கு விடோம், இடியோம். அரசு 1976இல் அதைப் பாதுகாப்புக்குரிய ஊராக ஏற்றது. யுனெஸ்கோ 1995இல் அயினொகுரா, சுகனுமா என்னும் கிராமங்களோடு அதனையும் உலக மரபுரிமையாக அறிவித்தது. சட்டமும் உலகப் புகழும் பின்னர் வந்தவை. குடிகளின் உறுதியே முன்னர் வந்தது.

குடும்பங்கள் சில தம் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்து உணவளிக்கின்றன. வாதா குடும்பத்தார் தம் பெருமனையில் ஒரு பகுதியில் வாழ்ந்துகொண்டே மற்றப் பகுதியைக் கட்டணத்துக்குக் காட்டுகின்றனர். புற்கூரைக்குத் தீயே பெரும் பகை. ஆகவே ஊரவர் முறைவைத்துத் தெருத்தெருவாய்ச் சென்று தீக்காவல் புரிகின்றனர்.

எல்லாம் இனிதே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2008இல் நெடுஞ்சாலை முழுமையடைந்த பின்னர் காலையில் வந்து மாலையில் திரும்புவோர் பெருகினர். விருந்தாய் வந்தவர் வேடிக்கை பார்ப்பவராயினர். வயல்கள் சில வாகனத் தரிப்பிடங்களாயின. ஆள் வாழும் வீடு என்பதை மறந்து எட்டிப் பார்ப்போரும் உண்டு. ஊராரும் வாளாவிருக்கவில்லை. மாரிகால விளக்கொளி விழாவுக்கு 2019 முதல் முன்பதிவு செய்தவர் மட்டுமே வரலாம் என்றாயிற்று. கூட்டம் குறைந்தால் வருவாயும் குறையும். அதை அறிந்தே எல்லை வகுத்தனர்.

விருந்தோம்பல் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை; இல்லறவியலில் வைத்தார். விருந்தினால் வீட்டுக்கு வருவாய் கிடைப்பது குற்றமாகாது. வருவாயின்றிக் கூரையும் நில்லாது. ஆனால் எவரை, எப்போது, எத்தனை பேரை வரவேற்பது என்று சொல்லும் உரிமை இல்லத்தாரிடம் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை போனால் வீடு காட்சிச்சாலையாகும். இல்லத்தார் அதன் காவலாளராவர்.

நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு கூரை என்றால், இன்று வேயும் கூரையை மாற்றப்போவது இன்றைய குழந்தைகளே. அவர்கள் ஊரிலே தங்கும் வண்ணம் வாழ்வு அமையுமாயின் யுயியும் வாழும். இல்லையேல் கூப்பிய கைகளைப் போன்ற கூரைகள் இருக்கும். வருபவரைக் கும்பிட்டு வரவேற்கும் கைகள் இரா.