பேருந்து நிலையம் வரையும் மாணவர்கள்

ஐந்தாண்டு பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் பேருந்து நிலையத்தையோ ஹோட்டலையோ வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. 12 மீட்டர் நீளப் பேருந்து வளைந்து திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். ஹோட்டல் என்றால், அழுக்குத் துணி போகும் வழியும் சாப்பாடு வரும் வழியும் குறுக்கிடக் கூடாது.

வரைபடத்தில் முகப்புதான் எல்லார் கண்ணையும் இழுக்கும். நான் முதலில் தேடுவது கழிப்பறையை. கைக்குழந்தையும் பையுமாக நள்ளிரவில் இறங்கும் பெண் யாரையும் கேட்காமல் அங்கே போய்ச் சேர முடிந்தால், அந்த மாணவருக்கு முழு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.