கடல்வழியில் நடுவூர், இருப்புப்பாதையிற் கடையூர்



நகரம் என்பது மண்ணிலிருந்து தானாக முளைப்பதன்று. பண்டம் ஓரிடத்தில் இறங்கி வேறொன்றில் ஏறும் இடத்திலேதான் பண்டசாலையும் கடைத்தெருவும் எழுகின்றன. வங்கி பின்னால் வருகிறது. கொழும்பையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிற் கப்பல்கள் நாடிய துறை காலியே. 1867-இல் கண்டிக் கோப்பியை இறக்கப் புகையிரதப் பாதை கொழும்புக்கு வந்தது. 1885-இல் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்தது. பாதையும் துறையும் ஓரிடத்தில் ஒன்றுகூடின. காலி பின்தங்கியது.

நமக்கு வாய்த்தது எது? ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் ஆனையிறவைக் கடந்து ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் சென்றது. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கக் கரையையே அடைந்தது. 1905-இல் தெற்கிலிருந்து புகையிரதப் பாதை முழுமையாக வந்து சேர்ந்தது. அதன் நன்மையை மறுப்பார் யார்? நம்மவர் கொழும்புக் கந்தோர்களில் உத்தியோகம் பார்த்ததும், மாதந்தோறும் மணியோடர் வந்ததும் அப்பாதையாலே. ஆனால் அப்பாதை முடியும் காங்கேசன்துறையிற் கொழும்புக்கு ஈடான வணிகத் துறைமுகம் எழவில்லை. கடல்வழியில் நடுவூராயிருந்த நாம் இருப்புப்பாதையிற் கடையூரானோம்.

இதன் பொருளைத் தோட்டக்காரர் அறிவர். வெங்காயம் லொறியேறித் தம்புள்ளைக்கோ புறக்கோட்டைக்கோ போகிறது. அன்று அங்கே குவியல் மிகுந்தால், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். திருப்பிக் கொண்டுவரக் கூலி கட்டாது. அந்த ஒரு வழியும் அடைபட்டால்? 1990-இல் நின்ற புகையிரதம் 2014-இலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2006-இல் ஏ-9 வீதி மூடப்பட்டபோது நாம் பட்ட பாட்டை இச்சபையிற் சொல்லவேண்டுவதில்லை.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். கொழும்போ 400 கிலோமீற்றர். மகிழ்ச்சியே. ஆயினும் ஆள் ஏறினாற் போதாது, மூடை ஏறவேண்டும்.

"துறையைத் திறந்தால் இந்திய வெங்காயம் வந்து நம் விலையைக் கெடுக்காதோ?" எனக் கமக்காரர் கேட்பர். நியாயமான அச்சமே. 1970-களின் முற்பகுதியில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது நம் மிளகாயும் வெங்காயமும் கண்ட விலையையும், 1977-இன் பின் கதவு திறக்கப்பட்டபோது விழுந்த அடியையும் மறந்தவர் யார்? ஆனால் அந்த வெங்காயம் இன்றும் வருகிறது! கொழும்பில் இறங்கி, லொறியேறி, நம் சந்தைக்கே வருகிறது. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் தரகும் மட்டும் அங்கே தங்கிவிடுகின்றன. அறுவடைக் காலத்தில் இறக்குமதியைத் தடுப்பதும் வரியை உயர்த்துவதும் அரசாங்கத்தின் கையிலுள்ள கருவிகள். அவற்றைக் கேட்டுப் பெறுவோம். அதற்காகத் துறையை மூடிவைப்பது முறையன்று.

ஆகவே காங்கேசன்துறையிற் சரக்குக் கப்பல் அணையும் மேடையையும், குளிரூட்டிய பண்டசாலையையும், விளைபொருளைச் சோதித்து ஏற்றுமதிச் சான்று வழங்கும் நிலையத்தையும் ஒருங்கே கேட்கிறோம். தண்டவாளம் அங்கே ஏற்கெனவே போய் நிற்கிறது.