கணக்கு ஆசிரியரின் மாறிவரும் பணி

(எழுமலை வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்மாய், சாலை, குடிநீர் பற்றிப் பேசும் இக்கூட்டத்தில் கணக்கு ஆசிரியர்களாகிய எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கண்மாயில் வெட்டிய மண்ணைக் கன மீட்டரில் அளக்கிறோம். கடனுக்கு வட்டி கணக்கிடுகிறோம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்க, ஏக்கர், சென்ட் என்று பேசுகிறோம். இவற்றில் எங்கே பிசகினாலும் நட்டம் குடியானவருக்கே.

நம் முன்னோர் கணக்கில் பின்தங்கியவர் அல்லர். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி ஆகியவை அவர்கள் நாவில் நின்றன. மணலில் எழுதுவதையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் என்பவர், 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்ற பெயரால் பரவிற்று.

பிறகு காலம் மாறிற்று. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயம் வந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்று பெருக்கிய பிள்ளைகள் நூறு காசு என்று எண்ணத் தொடங்கினர். படியும் மரக்காலும் லிட்டருக்கும் கிலோவுக்கும் இடம் விட்டன. இன்றோ பெருக்கலையும் வகுத்தலையும் கைபேசியே செய்துவிடுகிறது. அப்படியானால் கணக்கு ஆசிரியர் எதற்கு?

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் வெட்டிய மண் எவ்வளவு? பெருக்கினால் 3 கன மீட்டர். இது பழைய பாடம். பள்ளத்தின் அடி சரிவாக இருந்தால் எந்த ஆழத்தைக் கொள்வது? ஓரிடத்தில் மட்டும் அளந்தால் கூலி சரியாகுமா? இக்கேள்விகளை எழுப்பப் பழக்குவது இன்றைய பாடம். அவ்வாறே, 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 3 வட்டி என்றால் 300 ரூபாய் என்று கைபேசி சொல்லும். அது மாதத்துக்கா, ஆண்டுக்கா என்று கேட்க வேண்டியவர் கடன் வாங்குபவரே. மாதத்துக்கு என்றால் ஆண்டில் 3,600 ரூபாய் ஆகிவிடும்.

வாய்பாடு வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. அது கருவி, அதனை எங்கே, ஏன் எடுப்பது என்று தெரிதல் வேண்டும். 2020இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபின், பிள்ளைகளின் கற்றலில் பெரும் இடைவெளி விழுந்தது. அதனைக் குறைக்க 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகள் அறிந்த அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க வழி செய்தது. ஒரே வகுப்பில் மூவகைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எளிய பணி அன்று. இதில் ஊராரின் துணை எங்களுக்குத் தேவை.

உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள் உள்ளன.

முதலாவது, பருத்தி எடுப்புக்கும் களையெடுப்புக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். வகுத்தல் கற்பிக்கும் வாரத்தில் வராத பிள்ளை பின்னத்தில் விழிக்கிறது. பின்னம் விளங்காத பிள்ளை பிற்காலத்தில் வட்டிக் கணக்கில் ஏமாறுகிறது.

இரண்டாவது, பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேளாதீர்கள். மகளிர் குழுக்களின் வரவுசெலவைப் பெண்களே எழுதுகிறார்கள் அல்லவா?

மூன்றாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அங்கே கூரையையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்பதோடு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வகுத்தல் தெரியும் என்றும் கேளுங்கள்.

நான்காவது, ஊராட்சிப் பணி நடக்கும் இடத்திற்கு மேல்வகுப்பு மாணவர்களை வரவழையுங்கள். அளவு நாடாவை அவர்கள் கையில் கொடுங்கள். கரையின் நீளத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் அவர்களே அளந்து கணக்கிடட்டும். அக்கணக்கைக் கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். பிழை இருப்பின் ஊரார் முன்னிலையில் திருத்துவோம்; சரியாக இருப்பின் ஊரின் கணக்கை ஊராரே சரிபார்த்ததாகும்.