இரண்டு பக்கமும் இடித்தாலும் ஒற்றைத் தலையிடிதான்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் வைத்தியன் அல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டு, இங்கே லண்டனில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். அக்காவின் 14 வயது மகளை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு திரிந்ததில் அறிந்ததைச் சொல்லும்படி செயலாளர் அண்ணை கேட்டார்.

மைக்ரேனை நாங்கள் ஒற்றைத் தலையிடி என்கிறோம். அந்தப் பெயரே எங்களைக் குழப்புகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றியின் இரண்டு பக்கமும்தான் இடிக்கும். "ரெண்டு பக்கமும் இடிக்குதாம், அப்ப இது பள்ளிக்கூடம் போகப் பஞ்சி" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! வளர்ந்தவர்களுக்கு 4 மணித்தியாலமாவது நிற்கும் நோ, பிள்ளைகளுக்கு 2 மணித்தியாலத்திலும் விட்டுவிடலாம். பிறகு பிள்ளை எழும்பி விளையாடும். அது நடிப்பு அல்ல.

இது இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கானிலோ தெரியாது. கேட்டுத்தான் அறியவேண்டும். 2003இல் அமெரிக்க வைத்தியர்கள் வளர்ந்தவர்களுக்கென மூன்று கேள்விகளை வெளியிட்டார்கள். பின்னர் பள்ளி மாணவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தலையிடிக்கும்போது வயிற்றைப் பிரட்டுகிறதா? வெளிச்சம் கூசுகிறதா? கடந்த 3 மாதத்தில் ஒரு நாளாவது படிப்போ வேலையோ தடைப்பட்டதா? இரண்டுக்கு ஓம் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கள் பிள்ளை மூன்றுக்கும் ஓம் என்றாள்.

போகும்போது ஒரு கொப்பியில் திகதி, நித்திரை, காலைச் சாப்பாடு, போட்ட குளிசை எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். குளிசை என்றதும் ஒன்று. பனடோலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று 3 மாதத்துக்கு மேல் போட்டால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.

திடீரெனத் தாங்கமுடியாத இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பெலவீனம், வாய் குழறல் என்றால் கொப்பி தேடாமல் 999க்கு அடியுங்கள். தலையில் அடிபட்டபின் வந்தாலோ, விடியப்புறம் தலையிடியோடு சத்தி எடுத்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

கடைசியாக, பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அக்கா "கிழமைக்கு ரெண்டு தரம் சத்தி எடுக்கிறாள்" என்று சொல்ல, மகள் இங்கிலீசில் "கொஞ்சம் தலையிடி" என்று முடித்துவிடுவாள். அம்மா பயப்படுவா என்ற எண்ணம்தான். ஜீ.பி.யிடம் நாள் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.